எல்லாரும் ரோல்ஸ் சாப்பிடப் போயிருந்த இரண்டு நிமிடம்

இடைவேளை முடிந்து ஆட்டம் மறுபடி தொடங்கியதும் பார்வையாளர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். என் சொந்தக்காரர் ஒருவரையும் காணவில்லை.

முதல் பாதியில் மூன்று வரிசை நிறைய இருந்தார்கள். பிறம்ரனிலிருந்து லொறி ஓட்டுகிற சிவம் மாமா குடும்பம், ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கிய சித்தி குடும்பம், சித்தியின் அயல்வீட்டுக்காரர், அவருடைய மாமியார், கைக்குழந்தைகள் இரண்டு. இப்போது அந்த மூன்று வரிசையும் வெறும் அலுமினியமாக வெயிலில் மின்னின.

நடுவில் ஒரே ஒருவர் மட்டும் இருந்தார். பவளம் அன்ரி. அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா. ஊதா நிறக் குடையை விரித்துப் பிடித்து, கைப்பையை மடியில் வைத்து, கோவிலில் பிரசங்கம் கேட்பவரைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

நான் பெஞ்சில் இருந்தேன். கால்களில் தலையணைத் தடிப்பில் கவசம், நெஞ்சில் கவசம், மடியில் தலைக்கவசம். அப்போது நான் கனடாத் தேசிய மகளிர் அணியின் இரண்டாவது கோல் காப்பாளர். முதலாவது கோல் காப்பாளர் கேற் என்கிற பெண். அவளுக்குத் தடிமன் காய்ச்சல்கூட வராது.

இரண்டு வருடமாக அணியோடு ஆறு நாடுகளுக்குப் போய்வந்திருந்தேன். ஒரு நிமிடமும் மைதானத்தில் இறங்கவில்லை. எந்த நாட்டுப் பெஞ்ச் குளிரும், எது முதுகைக் குத்தும், எதற்குக் கூரை உண்டு என்று கேட்டால் சொல்லுவேன். அந்த நாடுகளைப் பற்றி வேறு ஒன்றும் கேட்காதீர்கள்.

ஐஸ் இல்லாத ஹொக்கி

என் பள்ளிக்கூட நாட்களைப் பற்றிப் போன வாரம் எழுதியதை வாசித்துவிட்டு விட்பியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "சறுக்குச் சப்பாத்து வாங்க அந்த நேரம் உங்கள் வீட்டில் வசதி இருந்ததா?"

அன்புள்ள வாசகிக்கு, நான் விளையாடியது ஐஸில் அல்ல. பச்சைத் தரையில், வளைந்த மட்டையால், கல்லுப்போன்ற வெள்ளைப் பந்தை அடிக்கிற ஹொக்கி. இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த நாட்டில் ஹொக்கி என்றால் எல்லாருக்கும் ஐஸ்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

பதினான்கு வயதில் நான் பள்ளிக்கூடக் கடிதத்தை நீட்டியபோது, அப்பா அதைக் கண்ணாடி போட்டு வாசித்தார். அப்பா ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். எந்தக் கடிதத்தையும் இரண்டு தரம் வாசிப்பார்.

"ஹொக்கியோ? பல்லுப் போகும் பிள்ளை."

"இது மற்ற ஹொக்கி அப்பா. ஐஸ் இல்லை."

"ஐஸ் இல்லாட்டி எப்பிடிச் சறுக்கிறது?"

"சறுக்கிறதில்லை. ஓடுறது."

அப்பா பேனையை எடுத்தார். "அப்ப உதுக்கு ஏன் ஹொக்கி எண்டு பேர் வைச்சவங்கள்?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பிற்பாடு நான் தேசிய அணிக்குத் தெரிவான செய்தி பரவியதும், ஒரு கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத அங்கிள் ஒருவர் என் வாயைக் குனிந்து பார்த்தார். "எல்லாப் பல்லும் இருக்குது. நல்ல கெட்டிக்காரி" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

நான் கோல் காப்பாளரான கதை

கோல் காப்பாளர்களிடம் பத்திரிகைக்காரர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்பது. என் தோழிகள் துணிச்சல், பொறுப்பு, தனிமை என்று ஏதேதோ சொல்வார்கள். நான் உண்மையைச் சொல்வேன். என்னுடைய இடத்தைத் தேர்ந்தெடுத்தது அம்மா.

முதல் பயிற்சிக்கு அம்மாவும் வந்திருந்தார். முன்வரிசைப் பிள்ளைகள் முழங்காலுக்கு நன்றாக மேலே நிற்கிற பாவாடை போட்டு ஓடுவதைப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது.

"உந்தக் கொஞ்சத் துணியோடையோ நீ ஓடப்போறாய்? நாலு சனம் பாக்கிற இடம்."

"எல்லாரும் அப்பிடித்தானே அம்மா போடினம்."

"எல்லாரும் எங்கை? அங்கை பார் ஒரு பிள்ளையை. எவ்வளவு வடிவா, மூடிக்கட்டி உடுத்திருக்கிறாள். அது வளர்ப்பு."

அம்மா காட்டியது கோல் காப்பாளரை. உச்சி முதல் உள்ளங்கால் வரை கவசம். முகம்கூடக் கம்பிவலைக்குள் இருந்தது. அந்தப் பிள்ளையை நோக்கி யாரோ அடித்த பந்தொன்று அவளுடைய வயிற்றில் பட்டுத் தெறித்ததை அம்மா கவனிக்கவில்லை, அல்லது உடுப்பு சரியாக இருந்தபடியால் பொருட்படுத்தவில்லை.

அடுத்த கிழமையே நான் கோலுக்குள் நின்றேன்.

அம்மா ஒரு விடயத்தை முன்கூட்டி அறியவில்லை. அந்தக் கவசத்துக்குள் ஒரு மனிசி இரண்டு மணிநேரம் வேர்த்தால் என்ன மணக்கும் என்பது. அதைத் தோய்க்கவும் முடியாது, காயவும் காயாது. வினாகிரியில் ஊறிய பழைய காலுறையும், மழையில் நனைந்த நாயும், சமைக்க மறந்த கணவாய் மீனும் சேர்ந்த மணம் அது. என் பைக்கு வீட்டுக்குள் அனுமதி மறுக்கப்பட்டது. எட்டாம் மாடிப் பல்கனியில் வாழ்ந்தது. மார்கழியில் கையுறைகள் உறைந்து, யாரோ கும்பிடுவதுபோல விறைத்து நிற்கும். வெள்ளிக்கிழமைகளில் அம்மா சாமிப்படத்துக்குக் காட்டிய சாம்பிராணியை நேரே பல்கனிக்குக் கொண்டுபோய் என் பைக்கும் காட்டுவார். சாம்பிராணிதான் தோற்றது.

ஆனாலும் பையைத் தூக்கி எறி என்று அம்மா ஒருநாளும் சொல்லவில்லை. இதை இங்கே குறித்துவைக்க வேண்டும்.

அழைப்பிதழ் அடிக்காத குறை

சரி, மைதானத்துக்கு வருவோம்.

ரொறன்ரோவில் நாங்கள் விளையாடுவது அபூர்வம். பெரும்பாலும் வெளிநாடு, இல்லாவிட்டால் கனடாவின் மேற்குக்கரை. அந்தக் கோடையின் முடிவில், நகரத்திலேயே ஒரு பல்கலைக்கழக மைதானத்தில் இரண்டு ஆட்டங்கள் என்று அறிவித்தார்கள். ஒன்று சனிக்கிழமை, மற்றது செவ்வாய் பின்னேரம்.

அம்மா தொலைபேசியை எடுத்துவிட்டார். பூப்புனித நீராட்டு விழாவுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வீடாகச் சொன்னார். "எங்கடை பிள்ளை கனடாவுக்கு விளையாடுறா. கட்டாயம் வரவேணும். சாப்பாடு நாங்கள் கொண்டுவாறம்."

"அம்மா, நான் விளையாடமாட்டன். கேற்தான் நிப்பாள்."

"நீ சும்மா இரு. ஊர்ச் சனம் வந்து இருக்கேக்கை இறக்காமல் விடுவினமோ?"

பயிற்சியாளர் அப்படி யோசிக்கிறவர் அல்ல என்பதை அம்மாவுக்கு எப்படி விளங்கவைப்பது என்று தெரியவில்லை.

நானோ வேறொன்றை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். மார்க்கம் நகரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எனக்கு முழுநேர வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்கள். அதே திங்கட்கிழமைக்குள், குளிர்காலப் பயிற்சி முகாமுக்கு வருகிறேனா என்று பயிற்சியாளரும் கேட்டிருந்தார். இரண்டுக்கும் ஓம் சொல்ல முடியாது. நான் முடிவெடுத்துவிட்டேன். இருபத்தாறு வயதில் முழுநேரமாகப் பெஞ்சில் இருப்பவளை யாரும் விளையாட்டு வீராங்கனை என்று சொல்லமாட்டார்கள். இந்த இரண்டு ஆட்டத்தோடு பையைப் பல்கனியிலிருந்தும் அகற்றிவிடுவது.

சனிக்கிழமை சனம் வந்தது. வாசலில் நின்ற காவலாளி அலுமினியத் தட்டுகளைக் கண்டதும் மறித்தார். செயற்கைத் தரை, எண்ணெய் பட்டால் பழுதாகும், உள்ளே சாப்பாடு கூடாது. ஆட்டிறைச்சி ரோல்ஸ் நூறு, மிளகாய்ச் சம்பல், மூன்று பிளாஸ்க் தேத்தண்ணி. எல்லாம் கார் பார்க்குக்குத் திரும்பின.

முதல் பாதி முழுவதும் சிவம் மாமாவின் குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. லொறிக்காரர், மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை.

"தங்கச்சி, பிள்ளை ஏன் அதிலை இருக்கிறா?"

"இப்ப இறக்குவினம் அண்ணை."

பத்து நிமிடம் கழித்து: "இன்னும் இருக்கிறா."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை."

இடைவேளை விசில் ஊதியதும் அம்மா எழுந்து, எல்லாரையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். பவளம் அன்ரி மட்டும் போகவில்லை. அவருக்கு முழங்கால் வருத்தம். "படி இறங்கினால் திரும்ப ஏற ஏலாது. எனக்கு ஒண்டும் வேண்டாம். நான் இதிலை இருக்கிறன்" என்றாராம்.

பச்சை அட்டை

எங்கள் ஆட்டத்துக்கு நான்கு பகுதி. மூன்றாம் பகுதி தொடங்கி நான்கைந்து நிமிடம் இருக்கும். எதிரணிப் பெண்ணொருத்தி பந்தோடு தனியே புகுந்துவிட்டாள். கேற் பாய்ந்து விழுந்தாள். பந்து தப்பியது. தப்பிய பந்தின் பின்னால் ஓடப்போனவளின் கணுக்காலைக் கேற் தன் மட்டையால் கொளுவி இழுத்தாள். அப்படியொரு அழகான இழுப்பு. நடுவருக்கு நேர் முன்னால்.

விசில். பச்சை அட்டை. அதாவது கேற் இரண்டு நிமிடம் வெளியே இருக்கவேண்டும். அதோடு எதிரணிக்கு ஒரு பெனால்டி கோர்னர்: பந்தை ஓரத்திலிருந்து தள்ளிக் கொடுக்க, வட்டத்தின் விளிம்பில் நிற்பவள் கோலை நோக்கி முழுப்பலத்தோடு அடிப்பாள்.

பயிற்சியாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் எனக்குப் பின்னால் யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"நிரு! போ!"

தலைக்கவசத்தின் வாரில் என் பின்னல் சிக்கிக்கொண்டது. இடதுகைக் கவசத்தை வலதுகையில் மாட்டினேன். இரண்டு வருடமாகக் காத்திருந்த நாள் வந்துவிட்டது, ஒரு கையுறையை ஒழுங்காகப் போடத் தெரியவில்லை. பயிற்சியாளர் குழந்தைப்பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை போட்டுவிடுவதுபோல எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டி, முதுகில் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டார்.

கோலுக்குள் போய் நின்றேன். தண்ணீர் விசிறிய தரையிலிருந்து சூடான இறப்பர் மணம் வந்தது. அணித்தலைவி என் காதருகே, "பெரிசா நில்லு, அது போதும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எங்கள் அணியிலேயே குள்ளமானவள் நான்.

பந்து வந்தது. நான் இடப்பக்கம் பாய்ந்தேன். அடித்தவளும் இடப்பக்கம்தான் அடித்தாள். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்ணின் மட்டையில் உரசிப் பந்து எழும்பித் திசை மாறி, நேரே வந்து என் தலைக்கவசத்தில் மோதியது. கிடாரத்தில் அகப்பையால் அடித்த சத்தம் மண்டைக்குள் கேட்டது.

விழுந்து கிடந்தேன். பந்து மூன்று முழம் தள்ளிக் கிடந்தது. இன்னொருத்தி மட்டையை ஓங்கிக்கொண்டு வருவது தெரிந்தது. அந்த நேரத்தில் நான் பையைப் பற்றியோ காப்புறுதி அலுவலகத்தைப் பற்றியோ யோசிக்கவில்லை. கோல் கம்பத்துக்கும் என் காலுக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அவள் அங்கேதான் அடிப்பாள் என்றும் தெரிந்தது. வலது கையை நீட்டிக்கொண்டு அங்கே உருண்டேன். பந்து கையுறையின் ஓரத்தில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது.

பிறகு பந்து மறுமுனைக்குப் போய்விட்டது. மிச்ச நேரம் முழுவதும், கேட்க ஒருவரும் இல்லாத இடத்தில் நின்று உரத்த குரலில் கட்டளை இட்டுக்கொண்டிருந்தேன். கேற் திரும்பி வந்தாள். நான் வெளியே வந்தேன்.

பார்வையாளர் பக்கம் பார்த்தேன். பவளம் அன்ரி குடையை மடக்கி, அதன் பிடியால் அலுமினிய இருக்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். திரும்பவும் விரித்துப் பிடித்துக்கொண்டார்.

சாட்சி

கடைசிப் பகுதி தொடங்கித்தான் சனம் வந்தது. நான் பழையபடி தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"பவளமக்கா, இன்னும் இறக்கேல்லையோ?" சிவம் மாமாவின் குரல்.

"இறக்கினவை. பிறகு ஏத்திப்போட்டினம்."

பவளம் அன்ரியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அவர் இருபது வருடத்துக்கு மேலாக அகதி வழக்கு விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது அவருடைய தொழில். ஒருமுறை சாட்சி சொன்ன மனிதர் விம்மி அழுததும், அன்ரி அதையும் விடாமல் "இப்போது அழுகிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்ல, விசாரித்தவர் "அது எனக்கும் தெரிகிறது" என்றாராம். அப்படிப்பட்டவர்தான் என் முதல் சர்வதேச ஆட்டத்துக்கு எங்கள் குடும்பத்தின் ஒரே சாட்சி.

நாங்கள் ஒரு கோலால் தோற்றோம். அந்தக் கோல் என் கணக்கில் இல்லை. ஆட்டம் முடிந்து நான் வேலியடிக்குப் போனபோது, அன்ரியைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது.

"பிள்ளை பந்தைப் பிடிச்சவவோ?" சித்தி கேட்டார்.

"ரெண்டு பந்து வந்தது. முதல் பந்து வரேக்கை பிள்ளை இடப்பக்கமாப் பாய்ஞ்சவ. பந்து மேலாலை வந்து தலையிலை பட்டது. ஆனபடியால் அதைப் பிள்ளை தடுத்தவ எண்டு என்னாலை சொல்ல ஏலாது. பந்து பிள்ளையிலை பட்டது எண்டு சொல்லலாம்."

"அன்ரி!" என்றேன்.

"பொறு பிள்ளை. ரெண்டாவது பந்து. அதைப் பிள்ளை பாத்தவ. பாத்து, உருண்டு போய், வலக்கையாலை தள்ளினவ. அதைத் தடுத்தது பிள்ளைதான். அதை நான் எங்கையும் வந்து சொல்லுவன்."

பிறம்ரனும் ஸ்ரௌவ்வில்லும் சேர்ந்து கைதட்டின. சித்தியின் அயல்வீட்டுக்காரர் எனக்குக் கைகொடுத்தார். மிச்சமிருந்த ரோல்ஸ் ஒன்றை யாரோ வேலிக்கு மேலால் நீட்டினார்கள்.

அம்மா மட்டும் தள்ளி நின்றார். கூட்டம் கலைந்த பிறகு அன்ரியிடம் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, ஒருக்காச் சொல்லுங்கோ. ரெண்டாவது பந்து எப்பிடி?"

அன்ரி திரும்பவும் சொன்னார். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. அம்மா மூன்றாவது தரமும் கேட்டார். அன்ரி மூன்றாவது தரமும் சொன்னார்.

காரில்

வீட்டுக்குப் போகும் வழியில், பை மணக்கும் என்பதற்காகக் கண்ணாடிகளைத் திறந்துவிட்டிருந்தோம். அம்மா முன்னுக்கு இருந்தார்.

"நான் அவையளை ஏன் கூட்டிக்கொண்டு போனனான் எண்டு தெரியுமோ?"

"சாப்பாடு ஆறப்போகுது எண்டுதானே."

"இல்லை." என்றார் அம்மா. "சிவமண்ணை கேட்டுக்கொண்டே இருந்தார். மற்றவையும் பாத்துக்கொண்டு இருந்தவை. நீ அப்பிடி இருக்கிறதை அவையள் பாக்க எனக்கு ஏலாமல் போச்சு. எங்கையாவது கூட்டிக்கொண்டு போனால் காணும் எண்டு நினைச்சன். ரெண்டாம் ரோல்ஸ் குடுத்தன், மூண்டாம் ரோல்ஸ் குடுத்தன். தேத்தண்ணி முடிஞ்சுது. அப்பாவை அனுப்பிக் கடையிலை இன்னும் வாங்கினன். நான் வெக்கப்பட்டிட்டன் பிள்ளை. அந்த நேரம் பாத்து நீ இறங்கியிருக்கிறாய்."

அப்பா ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி, "நானும் பாக்கேல்லை. நான் தேத்தண்ணிக் கடையிலை வரிசையிலை நிண்டனான். என்னை ஒருதரும் கேக்கேல்லை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கும் வெக்கமாத்தான் இருந்தது அம்மா" என்று சொல்லிவிட்டேன். வேலை கிடைத்ததையும், விடுவதென்று முடிவெடுத்ததையும் சொன்னேன்.

அப்பா சிக்னலில் காரை நிறுத்தினார்.

"பந்தைத் தட்டேக்கை எப்பிடி இருந்தது?" அம்மா முன்னுக்குப் பார்த்தபடியே கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். "திரும்பவும் ஒண்டு வராதோ எண்டு இருந்தது."

"அப்ப ஏன் விடுறாய்? அந்தக் கந்தோரிலை கிழமைக்கு மூண்டு நாள் வேலை தருவினமோ எண்டு கேள். கேட்டால் என்ன, அடிக்கவோ போயினம்?"

திங்கட்கிழமை கேட்டேன். அடிக்கவில்லை. மூன்று நாள் தந்தார்கள். குளிர்காலத்தில் விடுப்பும் தந்தார்கள். பயிற்சியாளருக்கு முகாமுக்கு வருகிறேன் என்று எழுதினேன். கேற் ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருடம் எடுத்தது. அதன் பிறகு ஆறு வருடம் அந்தக் கோலில் நான் நின்றேன். அந்த ஆறு வருடத்தில் விட்ட கோல்களையும் பிடித்த பந்துகளையும் பற்றி எழுத இடம் இருக்கிறது. இன்றைக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன்.

செவ்வாய் பின்னேரம் இரண்டாவது ஆட்டம். அம்மா ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒன்றும் சமைத்து எடுத்துவரவும் இல்லை. வேலை முடிந்து, பஸ்ஸும் சப்வேயும் மாறி, தனியே வந்தார். எங்கள் பெஞ்சுக்கு நேர் பின்னால் முதல் வரிசையில் இருந்தார். இடைவேளைக்குக்கூட எழும்பவில்லை.

கேற் அன்றைக்கு ஒழுங்காக நடந்துகொண்டாள். நான் ஒரு நிமிடமும் இறங்கவில்லை.

ஆட்டம் முடிந்து வேலியடிக்குப் போனேன். அம்மா கம்பி இடைவெளியால் கையை விட்டு, என் கவசத்தின் தோள்வாரை இழுத்து நேராக்கினார். ஏதோ சொல்லவேண்டும், என்ன சொல்வதென்று தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் முழு மனதோடு சொன்னார்:

"இண்டைக்கு நல்லா இருந்தனீ, பிள்ளை."